சட்டைக்குள்ள ஆளும் கீது

என் உடம்பைப் பற்றி இதுவரை மூன்று பேர் முகத்துக்கு நேராகக் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் என் மனைவி. இருவரும் எடையோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாமவர் ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கத்துச் சந்து முனையில், தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவர். அவர் சொன்னது இது:

"உன் பாடி துணிய தாங்காது சார். எட்டு மணிக்கு நான் போட்டுக் குடுக்கறேன். எட்டே காலுக்கு மாடு மென்னு துப்புன மாதிரி வந்து நிக்கிற. நடுவுல இன்னா சார் பண்ற நீ?"

நான் ஒன்றும் செய்வதில்லை. நடந்து ஆபீசுக்குப் போவேன், அவ்வளவுதான். துறைமுகத்துச் சரக்குகளுக்குக் காகிதம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. நாற்காலியில் உட்காரும் முன்பே என் சட்டை மாலை ஐந்து மணியை எட்டியிருக்கும். அவர் அதைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். வண்டியைக் கடந்து போகும்போதெல்லாம் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் காலரை இழுத்து நேராக்கிவிட்டுத்தான் அனுப்புவார். வணக்கம், குட் மார்னிங் எதுவும் கிடையாது. காலர்தான்.

அவருடைய சொந்தச் சட்டை தனிக் கதை. பொறி தெறித்தால் சுடும் என்பதற்காக எப்போதும் முழுக்கைச் சட்டை. அது ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கலாம் என்பது என் யூகம். அதிலிருந்த சுருக்கங்கள் அங்கேயே நிரந்தரமாகக் குடியேறியவை. "உங்க சட்டையைத் தேச்சுக்க மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நானா சார் கேமரா முன்னாடி நிக்கிறேன்? நிக்கிறவன் துணி மொதல்ல. அப்பால மத்ததெல்லாம்."

கேமரா எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் வருகிறேன். இந்த மனிதர் வடசென்னையின் முதல் நடிகர் ஏஜென்சியை நிறுவியவர். முதலாவது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் அப்படிச் சொன்னார், மறுக்க யாரும் முன்வரவில்லை. அமெரிக்காவில் நட்சத்திரங்களை வைத்து ஆளும் பெரிய ஏஜென்சிகளின் முதலாளிகளில் பலர் தபால் பிரிக்கும் அறையில் தொடங்கியவர்கள் என்று படித்திருக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படித்துப் படித்தே யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டார்களாம். இவர் அடுத்தவர் துணியைப் படித்தார்.

நம்பாதவர்களுக்காக ஓர் உதாரணம். ஒரு மாலை, தெருவில் போன ஒருவரைப் பார்த்து, "அந்த ஆள் யார்?" என்று கேட்டேன்.

"பேரு தெரியாது. பச்சைக் கட்டம், நாப்பது சைஸு. வலது தோளு ஒரு இஞ்சு எறக்கம், மூட்டை தூக்குன தோளு. அழுவுற சீனுக்கு சோக்கா இருப்பான்."

"அழுவார்னு எப்படித் தெரியும்?"

"வாரத்துக்கு ஏழு கர்சீப்பு வருது சார்."

ஏஜென்சி பிறந்த கதை அந்தப் பேட்டைக்கே தெரியும். ஒரு படக்கம்பெனி எங்கள் பக்கத்துப் பழைய கிடங்கு ஒன்றைக் கோர்ட்டாக மாற்றி வைத்திருந்தது. வக்கீல்களாக உட்கார வேண்டிய துணை நடிகர்களோடு கோடம்பாக்கத்திலிருந்து கிளம்பிய பஸ், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கிக்கொண்டது. அந்த வரிசையில் சிக்கியவர்கள் எப்போது மீள்வார்கள் என்பதைக் கடவுளும் சொல்வதில்லை, போக்குவரத்துப் போலீசும் சொல்வதில்லை. கம்பெனியின் மானேஜர் வியர்த்துக்கொண்டு வண்டிக்கு வந்தார். கோர்ட் காட்சிக்கு வெள்ளைச் சட்டை பத்துப் பன்னிரண்டு வாடகைக்குக் கிடைக்குமா, கையில் கிடைத்த ஆட்களுக்கு மாட்டிவிடலாம் என்று கேட்டார்.

இவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சட்டை கீது. சட்டைக்குள்ள ஆளும் கீது. தனியா ரெண்டுத்தையும் பிரிக்க மாட்டேன்."

அன்று வண்டியில் இருந்தவை மாதா கோவில் பாடகர் குழுவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பாடகர்களும் கறுப்புக் கோட்டில் வக்கீல்களாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தால் நிஜ வக்கீல்களை விட நம்பிக்கையாக இருந்தார்கள். நீதிபதி கறுப்பு அங்கியில் உள்ளே வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். அங்கி போட்ட ஒருவர் உள்ளே நுழைந்ததும் எழுந்து பாடுவது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஓரத்தில் நின்ற ஒருவர் மெதுவாகச் சுருதி கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். நாலு குரலில், கிடங்குக் கூரை அதிர, ஒரு முழுப் பாட்டு. நீதிபதியாக நடித்தவர் பயந்துபோய்க் கைகூப்பிவிட்டார்.

அந்தக் காட்சி படத்தில் வரவில்லை. ஆனால் வியர்த்த மானேஜருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது: இந்த வண்டியில் அரை மணி நேரத்தில் பன்னிரண்டு ஆள் கிடைக்கும். அடுத்த மாதமே போன் வந்தது. அப்புறம் வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் எட்டுப் பேர், கண்டக்டர் மூன்று பேர், தாலி கட்டும்போது மூக்கைச் சிந்தும் மாமியார் ஒருவர். எது கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "கீது."

அவர் கமிஷனாகப் பணம் வாங்கவில்லை. "நடிச்ச காசு உனக்கு. உன் வூட்டுத் துணி பூரா எனக்கு." அவர் போட்ட ஒரே ஒப்பந்தம் இதுதான். அவர் மூலம் ஒருமுறை திரையில் தலைகாட்டியவர், ஆயுளுக்கும் அவர் வண்டியில்தான் துணி போட வேண்டும். ஏஜென்சி வளர வளர மூட்டையும் வளர்ந்தது. ஒரு வண்டி இரண்டானது. இரண்டாவது வண்டியில், தேய்த்த சட்டையும் உறைந்த முகமுமாக நடித்த அனைவரின் போட்டோக்களும் ஒட்டப்பட்டன. நடிப்பவர்களுக்கு 'ஆர்ட்டிஸ்ட்' என்று பட்டம் கொடுத்தார். இதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவன் நான்.

"என் சட்டை ஆச்சுங்களா?"

"இரு சார். ஆர்ட்டிஸ்ட் துணி."

"எனக்கு எட்டரைக்கு ஆபீஸ்."

"தேச்சுக் குடுத்தா மட்டும் இன்னா ஆவப்போவுது? நீயா கசக்கிக்கப் போற. ரெண்டு நிமிஷம் முன்னப் பின்ன ஆனா பரவால்ல."

என்னை ஒருமுறைகூட அவர் சினிமாவுக்குச் சிபாரிசு செய்ததில்லை. நான் வெட்கத்தை விட்டு ஜாடையாகக் கேட்டதுண்டு. பத்திரிகையில் நாலு நகைச்சுவைக் கட்டுரை எழுதியவன், கொஞ்சம் படித்த முகம், ஒரு புரொபசர் வேஷம் வராதா என்று. அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "மூஞ்சி ஓகே சார். துணிதான் நிக்காது."

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வண்டியைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் அது தெரியும், ஏனென்றால் வாரம் ஒருமுறை சொல்வார். "ஒரே ஒரு தபா சார். நம்ம ஏரியா ஆளு ஸ்க்ரீன்ல மடிப்பு கலையாம வந்து நிக்கணும். கொலையும் பண்ண வேணாம், கொலையாவவும் வேணாம். சும்மா நின்னா போதும்."

கேட்கச் சின்ன ஆசைதான். ஆனால் எங்கள் பக்கம் படமெடுக்க வருகிறவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். துரு, கன்டெய்னர், புகை, கையில் அரிவாள். நர்ஸ், கண்டக்டர் எல்லாம் ஓரமாகப் போய்விடுவார்கள், இல்லையென்றால் வெட்டுப்பட்டுவிடுவார்கள். கடைசியில் திரையில் நிற்பவன் ரவுடி. ஒருநாள் ஓர் உதவி இயக்குநர், தாடியும் பையுமாக, வந்து கேட்டார்: "அண்ணே, ரவுடி இருபது பேர் வேணும்."

"கீறாங்க. இஸ்திரி போட்ட ரவுடி."

"இல்லண்ணே, வடசென்னைன்னா கொஞ்சம் அழுக்கு..."

"இன்னா நைனா அழுக்கு? நாங்கல்லாம் குளிக்க மாட்டோமா? வந்து பாரு, தண்ணி லாரிக்கு எம்மாம் பெரிய கியூ நிக்குதுன்னு."

பேசிப் பேசி ஆட்களை அனுப்பினார், வண்டியைத் தள்ளிக்கொண்டு தானும் கூடவே போனார். அங்கே உடை பார்ப்பவர்கள் அந்த இருபது சட்டைகளையும் டீத் தண்ணீரில் முக்கி, தரையில் போட்டுத் தேய்த்து, பழசாக்கினார்கள். சாப்பாட்டு நேரம். எல்லாரும் பனியனோடு பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணி முடிந்து திரும்பினால் இருபது சட்டைகளும் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து, நாற்காலிக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. சித்திரை வெயிலுக்கு நன்றி. அன்றைய படப்பிடிப்பு ரத்து. அதற்குப் பிறகு அவருடைய போன் ஒலிக்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். வண்டியில் ஒட்டிய போட்டோக்கள் வெயிலில் வெளுக்க ஆரம்பித்தன. மீன் ஏலம் போடும் ஸ்டெல்லா அக்கா, ஏஜென்சியின் முன்னணி மாமியார், துணி மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்பார்: "இன்னா மாமு, ஏஜென்சி கீதா, பூட்ச்சா?"

"கீது," என்பார். முதல்முறையாக அந்தச் சொல்லில் சத்தம் குறைந்திருந்தது.

அப்போதுதான் வெளிநாட்டுப் படம் வந்தது. எண்ணூர் முகத்துவாரம் பக்கம் ஒரு துரத்தல் காட்சி. கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் தப்பி ஓட, அசல் வடசென்னை மக்கள் நாற்பது பேர் தெருவில் நிற்க வேண்டும். கம்பெனிக்காக ஆள் தேடிய பெண்ணிடம் யாரோ பழைய நம்பரைக் கொடுத்திருந்தார்கள். "இது போச்சுன்னா கடைய மூடிற வேண்டியதுதான் சார்," என்றார் இவர் என்னிடம். "நீ இங்கிலீஷ் பேசத்தான் வர. கேமரா பக்கம் போவாத. சொல்லிட்டேன்."

அசல் மக்கள் என்று சொல்லியனுப்பினால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்றால் எல்லாரும் செய்வதைத்தான். முகச்சவரம், தலைக்குச் சாயம், கழுத்து வரைக்கும் பவுடர். வலை இழுப்பவர்கள் கிறிஸ்துமஸ் கோட்டில் வந்தார்கள். ஸ்டெல்லா அக்கா மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையில் வந்தார். மடிப்புக் கலையக்கூடாது என்பதற்காக ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருவரையும் இவர் உட்காரவிடவில்லை. நாற்பது பேரும் மினி லாரியில், உடம்பில் ஒட்டாமல் கைகளை விரித்தபடி, சிறகு காயவைக்கும் நீர்க்காக்கைகள் மாதிரி நின்றுகொண்டே போனார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர் நடுவில் புகுந்து புறப்பட்டார்.

அந்த லாரியில் எனக்கு இடமில்லை. என்னைத் தொட்டால் மற்றவர்களும் கசங்கிவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. மின்சார ரயிலில் போனேன். யாரோ ஒருவரின் மீன்கூடை, முழுப் பயணத்துக்கும் என் முதுகில் சாய்ந்திருந்தது.

இயக்குநர் உயரமான மனிதர், வெயிலில் வெந்த இறால் நிறத்துக்கு வந்திருந்தார். வரிசையில் நின்ற நாற்பது பேரையும் ஒருமுறை பார்த்தார். இவர்கள் எந்த பாங்க்கில் வேலை செய்கிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டார். மீனவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள் என்றேன். நிஜமாகவா என்றார். நிஜமாக என்றேன். அவர் வருத்தத்தோடு தலையாட்டியபடி திரும்பி, என்னைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"அதோ," என்றார், மூச்சை இழுத்துக்கொண்டு. "அந்த முகம். அந்தச் சட்டை. மூன்று தலைமுறைக் கடல் வாழ்க்கை தெரிகிறது."

என் மூன்று தலைமுறையும் தெற்கத்தி ஜில்லாவிலிருந்து வந்து யானைக்கவுனியில் மொத்தமாகத் துவரம்பருப்பு விற்றவர்கள். எனக்குக் கடற்கரை மணலில் நின்றாலே தலை சுற்றும். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் சட்டையை ரசிக்கிறார். அதில் போய்க் குற்றம் கண்டுபிடிப்பானேன்?

"இன்னா சொல்றான்?" என்றார் இவர்.

"நான் மட்டும் வேணுமாம். மத்தவங்களைப் புழுதி அடிச்சு, சட்டையைக் கிழிச்சு நிறுத்தறதா இருந்தா நிறுத்தலாமாம். இல்லன்னா வேற ஆள் வரவழைச்சுப்பாங்களாம்."

பக்கத்தில் டீத் தண்ணீர் வாளி தயாராக நின்றது. அந்த வாசனையை அவர் அடையாளம் கண்டுகொண்டதை நான் பார்த்தேன்.

முதலில் பேசியது ஸ்டெல்லா அக்கா. "டெய்லியும் செதிலும் சேறுமாத்தான் நிக்கிறேன். அத்தப் பாக்கணும்னா விடியக்காலைல மார்க்கெட்டுக்கு வரச்சொல்லு, ஃப்ரீயா பாத்துக்கினு போவட்டும். இது எம்மவ கண்ணாலப் பொடவ. ஒரு சொட்டு படட்டும், அந்த வாளிய அவன் தலைலயே கவுக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா சார் நீ? புழிஞ்ச துணி மாதிரி வந்துகினு, எங்க பொயப்புல கைய வெக்கிற?"

நான் கையை விரித்தேன். விரித்ததில் அக்குளில் தையல் விட்டது. இயக்குநர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.

இவர் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் வாளி. இன்னொரு பக்கம், வெயிலில் உட்காராமல் நிற்கும் நாற்பது பேர். போனால் ஏஜென்சி போகும், இருந்தால் மடிப்புப் போகும். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு என் தோளில் கை போட்டு, சரக்கைக் காட்டுவது மாதிரி என்னை முன்னால் தள்ளினார்.

"சாரைக் குடுக்கறேன்னு சொல்லு. தனியாக் குடுக்க மாட்டேன். சாரு வேணும்னா நாப்பது பேரும் வேணும். இஸ்திரியோட."

சொன்னேன். இஸ்திரி போட்டவர்கள் அந்தத் தெருவில் நிற்க என்ன காரணம் என்று இயக்குநர் கேட்டார். அதையும் சொன்னேன்.

"கேளு சார் அந்தாள," என்றார் இவர். குரல் உயரவில்லை. "எங்க ஏரியாவுல யாருமே கண்ணாலம் கட்டிக்க மாட்டாங்களா? வெட்டிக்கினு சாவறது மட்டுந்தானா? இவங்கல்லாம் கண்ணாலத்துக்குப் போயினு கீறாங்க. உன் ஹீரோ நடுவுல வண்டிய வுட்டுக்கினு வரான். தப்பு அவன் மேலதான்."

என் ஆங்கிலத்துக்கு அது கொஞ்சம் கனமான பாரம். ஆனாலும் இறக்கி வைத்தேன். இயக்குநர் தொப்பியைக் கழற்றினார். தெருவைப் பார்த்தார், பின்னால் போன அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய்களைப் பார்த்தார், முன்னால் நின்ற வெள்ளை வெளேர் சட்டைகளையும் ஸ்டெல்லா அக்காவின் மயில்கழுத்துப் பட்டையும் பார்த்தார். பிறகு, கல்யாணம் என்றால் பேண்டு வாத்தியம் இருக்குமா என்று கேட்டார்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேண்டும் கீது."

இருந்தது. பேண்டுக்காரர்களின் சிவப்புக் கோட்டுகள் அன்று ராயபுரத்து வண்டியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. சட்டைக்குள் ஆளை வரவழைக்க ஒரு போன் போதும்.

என் வேஷம், அழைக்கப்படாமல் கல்யாணக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டவன். மோட்டார் சைக்கிள் என்னை உரசிக்கொண்டு போகும், நான் மிரள வேண்டும். மிரள்வதற்கு எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஒவ்வொரு முறை எடுத்து முடிந்ததும், சில முறை முடியும் முன்பே, இவர் ஓடிவந்து என் காலரை இழுத்து நேராக்குவார். உடை பார்ப்பவர்கள் ஓடிவந்து அதை மறுபடி கசக்குவார்கள். "அவரைத் தொடாதீர்கள்" என்று இயக்குநர் கெஞ்சினார். நானும் மொழிபெயர்த்தேன். "சரி சார், தொடல," என்பார். கை மட்டும் கேட்காது.

படம் ஒரு வருஷம் கழித்து போனிலேயே பார்க்கும்படி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பூசை முடித்து, கறிச்சோறு முடித்து, நாற்பது பேரும் வண்டியைச் சுற்றி நின்றோம். ஆறிய இஸ்திரிப் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்தார். துரத்தல் வந்தது. சத்தம், புகை, கண்ணாடி உடைகிறது.

"நிறுத்து, நிறுத்து!"

நின்றது. மொத்தம் மூன்று நொடி இருக்கும். ஆனால் அங்கே இருந்தார்கள், எல்லாரும். கத்தி மாதிரி மடிப்பு. கோட்டுகள், சிவப்பு பேண்டு, மயில்கழுத்துப் பட்டு. யார் கையிலும் அரிவாள் இல்லை. யாரும் சாகவில்லை. சும்மா நின்றார்கள்.

"ஐய, கொசுவம் எப்டி நிக்குது பாரேன்," என்று ஸ்டெல்லா அக்கா மெதுவாகச் சொன்னார். ஏழு கர்சீப்புக்காரர் ஒன்றை எடுத்தார்.

இவர் மட்டும் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். படத்தின் நட்ட நடுவில் நான். என் பிதுங்கிய வயிறு, என் மிரட்சி. என் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும் பிசிறில்லாமல் தெளிவாகத் தெரிந்தது. நிறம் போன முழுக்கைச் சட்டை. அத்தனை சுருக்கமும் அப்படியே.

"யாரு சார் அது?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஷாட்டுல கைய வுட்டுக்கினு. அத்தினி பேரு நீட்டா நிக்கறாங்க, நடுவுல பாரு, கலீஜா..."

நிறுத்திக்கொண்டார். போனைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். நாற்பது பேரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஸ்டெல்லா அக்காவின் சிரிப்பு காசிமேடு வரை கேட்டது.

அதற்குப் பிறகு ஏஜென்சிக்குப் போன் ஓயவில்லை. பெரும்பாலும் கல்யாணக் கூட்டம் கேட்டு. நான் இப்போது அம்பத்தூர்ப் பக்கம் குடிபோய்விட்டேன். சட்டைகள் இங்கேயும் கசங்குகின்றன. யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

படம் பார்த்த மறுநாள் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு என் சட்டையை வாங்கப் போனேன். வண்டியில் பேட்டையின் மூட்டைகள் எல்லாம் அவிழ்க்காமல் கிடந்தன. அவர் பனியனோடு நின்று, பலகையின் மேல் ஒரு முழுக்கைச் சட்டையை விரித்து, தண்ணீர் தெளித்து, கைப்பட்டியை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அது நீலம்தான். என் யூகம் சரி.

"என் சட்டை ஆச்சுங்களா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை.

"இரு சார். ஆர்ட்டிஸ்ட் துணி."